காய்வது வேறு, பிடிப்பது வேறு!

கைக்காகிதக் கைவேலையில் மை உலர்வதும், சூட்டில் நிலைப்பதும்

இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ரோபோவைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். அந்தப் பெட்டி எங்களுக்கு 1,800 ரூபாய் நஷ்டம் வைத்தது.

2024 டிசம்பர். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் அப்பா வேலை செய்யும் இடத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வீட்டில் வருமானம் நின்றது. அவனுக்கு விடுதிக் கட்டணத்தில் 3,500 ரூபாய் பாக்கி. கையை நீட்டி வாங்க மாட்டான், ரோஷக்காரன். சரி, எல்லோரும் சேர்ந்து பொங்கல் வாழ்த்து அட்டை செய்து விற்போம், அவனும் கூட உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று முடிவெடுத்தோம். கைப்பேசியில் வாழ்த்து அனுப்பும் காலத்தில் அட்டையை யார் வாங்குவார்கள் என்று ஒருவன் கேட்டான். 'கையால் செய்த காகிதம் என்றால் வாங்குவார்கள்' என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னதுதான் நடந்தது.

புதுச்சேரி போய் வந்த சீனியர் அண்ணன் மூலம் ஏ4 அளவில் 150 தாள் வாங்கினோம். ஒரு தாள் 8 ரூபாய். பாதியாக வெட்டி மடித்தால் 300 அட்டை. மைக்கும் ஸ்கிரீனுக்கும் 400 ரூபாய். ஆக முதல் 1,600. ஒரு அட்டை 20 ரூபாய்க்கு 300 அட்டையும் விற்றால் 6,000. முதல் போக 4,400. கணக்கு அழகாக இருந்தது!

முதல் நாள் 120 அட்டை அச்சடித்தோம். பொங்கல் பானை, கரும்பு, சூரியன். வெளியே மழை. இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரலில் மை ஒட்டவில்லை. 'காஞ்சிடுச்சுடா, இஸ்திரி போட்டா மை நல்லா செட் ஆயிடும், தாளும் நிமிந்துக்கும்' என்று சொன்னவன் நான்தான். பெட்டியைக் கொண்டுவந்தவனும் நான்தான். பத்துப் பத்து அட்டையாக அடுக்கி, மேலே துணி போட்டு, முழுச் சூட்டில் அழுத்தித் தேய்த்தேன். பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பானையும் மேலே இருந்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. சில இடங்களில் மை கொப்பளித்திருந்தது. 120-ல் 90 அட்டை போச்சு. நண்பன் ஒன்றும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கெட்டுப்போன நாலு அட்டையை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணாச்சி கடைக்குப் போனோம். அவர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்:

"தம்பி, மை காஞ்சிருக்கு. ஆனா புடிக்கல. காயறது வேற, புடிக்கிறது வேற."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம்

கைக்காகிதம் என்பது பெரும்பாலும் துணியின் மறுபிறவி. திருப்பூரில் பனியன் தைக்கும்போது விழும் பருத்தி வெட்டுத் துண்டுகளே இதற்கு நல்ல மூலப்பொருள். துண்டுகளைப் பொடியாக நறுக்கி, 'பீட்டர்' என்னும் இயந்திரத்தில் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குகிறார்கள். கூழைத் தொட்டியில் கலக்கி, சட்டம் கட்டிய சல்லடையால் அள்ளினால் தண்ணீர் வடிந்து இழைகள் மட்டும் தங்கும். அதைத் துணியில் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தித் தண்ணீரைப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கும் தமிழனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து பாடுபட்டவர். அச்சங்கம் கையிலெடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் இருக்கும் தேசிய கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பக்கத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் நடந்து வருகிறது.

மைக்கும் இந்தத் தாளுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பவை மூன்று.

முதலாவது, உறிஞ்சுதல். பருத்தி இழைக்குத் தண்ணீர் என்றால் ஆசை. ஒன்றும் பூசாத தாளில் பேனாவை வைத்தால் மை நாலாபக்கமும் வேர்விட்டுப் பரவும். இதைத் தடுக்கவே ஜெலட்டின், ஸ்டார்ச், ரோசினும் படிகாரமும் என்று ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். இதற்கு 'சைசிங்' என்று பெயர். சைசிங் குறைந்த தாளில் மை உள்ளே இறங்கிவிடும். சைசிங் அதிகமான தாளில் மை மேலேயே தங்கும்.

இரண்டாவது, மேடு பள்ளம். ஆலைக் காகிதம் போல இது வழுவழுப்பாக இருக்காது. பள்ளத்தில் தேங்கும் மை தடிமனாக இருக்கும், கடைசியில்தான் காயும். நாம் விரல் வைப்பதோ மேட்டில்! ஏமாறும் இடம் இதுதான்.

மூன்றாவது, ஈரம். காய்ந்த தாள் என்று நாம் நினைப்பதிலும் தண்ணீர் உண்டு. சாதாரண நாளில் தாளின் எடையில் 5 முதல் 8 சதவீதம் ஈரமே. அடைமழையில் 10 சதவீதத்தைத் தாண்டவும் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? எங்கள் தாள் சதுர மீட்டருக்கு 200 கிராம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக ஒரு தாளின் எடை 12.5 கிராம். அதில் 7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.9 கிராம் தண்ணீர். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் நீராவியானால் 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். அதாவது ஒரு தாளுக்குள் ஒன்றரை லிட்டர் ஆவி ஒளிந்திருக்கிறது! மேலே மை தோல் போல மூடியிருக்கும்போது முழுச் சூட்டுப் பெட்டியை வைத்தால் அந்த ஆவி எங்கே போகும்? மையைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். எங்கள் அட்டையில் வந்த கொப்புளத்துக்குக் காரணம் இதுதான்.

மை காயும் வழிகள்

எல்லா மையும் ஒரே மாதிரி காய்வதில்லை. டப்பாவில் இருப்பது எந்த ஜாதி என்று தெரியாமல் சூடு காட்டுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது போல.

ஒன்று, ஊறிக் காய்வது. ரப்பர் ஸ்டாம்பு பேட் மை இந்த வகை. பேட் உலர்ந்து போகாதிருக்க அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள். அவை எளிதில் ஆவியாகா. தாள் உறிஞ்சினால்தான் மை காய்ந்தது போல ஆகும். கைக்காகிதம் நன்றாக உறிஞ்சும். வழுவழுப்பாகப் பூச்சு போட்ட அட்டையில் அதே மை மணிக்கணக்கில் ஈரமாகவே நிற்கும்.

இரண்டு, ஆவியாகிக் காய்வது. ஃபவுண்டன் பேனா மையில் சாயமும் தண்ணீரும்தான் முக்கியம். பிடிப்புக் கொடுக்கும் பிசின் கிடையாது. தண்ணீர் போனால் சாயம் தங்கும். இதற்கு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கரையும். கறுப்பு டிராயிங் மை அப்படியில்லை. அதில் புகைக்கரியும் அரக்கும் இருக்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் ஈரத்துக்கு அசையாது; சூடு எதுவும் தேவையில்லை.

மூன்று, காற்றோடு சேர்ந்து கெட்டிப்படுவது. ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் கலந்த பிசினோ சேர்ந்த மைகள் இப்படி. முதலில் தின்னர் பறந்துபோகும்; விரலில் ஒட்டாது. அது பாதி வேலைதான். அதன் பிறகு எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல ஆக வேண்டும். இதற்கு ஒரு நாளிலிருந்து பல நாள் வரை ஆகும். ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும். நாங்கள் பயன்படுத்தியது இந்த மைதான். இரண்டு மணி நேரத்தில் மேல்தோல் காய்ந்திருந்தது. உள்ளே வலை பின்னவே ஆரம்பிக்கவில்லை. அதில் சூடும் அழுத்தமும் கொடுத்ததால் இளகி, பக்கத்தில் கிடைத்த தாளைப் பிடித்துக்கொண்டது.

நான்கு, சூட்டில் பிடிப்பது. துணிக்கு அச்சடிக்கும் தண்ணீர் மையில் நிறமியோடு அக்ரிலிக் பைண்டர் இருக்கும். தண்ணீர் போனதும் பைண்டரின் நுண்துளிகள் நெருங்கி ஒட்டிப் படலமாகும். சூடு காட்டினால் அந்தப் படலம் இறுகித் துவைத்தாலும் போகாது. துணியில் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடம் வைப்பது வழக்கம். பனியன் மீது தடிப்பாக அச்சடிக்கும் 'பிளாஸ்டிசால்' மையோ சூடு இல்லாமல் காயவே காயாது. சுமார் 160 டிகிரி வேண்டும். அதைக் காகிதப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் தாள் ஏன் சூடாக வெளியே வருகிறது என்று யோசித்ததுண்டா? அந்தக் கறுப்புத் தூள் உண்மையில் பிளாஸ்டிக் கலந்த தூள். சூடான உருளை அதை உருக்கித் தாளில் அழுத்துகிறது. அதுவும் சூட்டில் பிடிப்பதுதான். கைக்காகிதத்தில் ஜெராக்ஸ் எடுத்தால் பள்ளங்களில் உருளை படாததால் அங்கங்கே தூள் உதிரும். கல்யாணப் பத்திரிகையில் எழுத்து மேடாகப் பளபளக்கிறதே, அது ஈர மையின்மேல் பிசின் தூளைத் தூவி, மீதியைத் தட்டிவிட்டு, சூட்டில் உருக்கி எடுப்பது.

சூடு எங்கே நண்பன், எங்கே எதிரி?

சூடு மூன்று வேலை செய்யும்: தண்ணீரை விரட்டும், பைண்டரை இறுக்கும், பிளாஸ்டிக்கை உருக்கும். கூடவே மூன்று தீங்கும் செய்யும்: தாளை வறட்டி மொரமொரப்பாக்கும், பழுப்பாக்கும், பாதி காய்ந்த மையை இளக்கும். ரோசினும் படிகாரமும் போட்ட தாளில் அமிலத்தன்மை உண்டு; அது சூட்டில் இன்னும் சீக்கிரம் பழுக்கும். பூவிதழ் பதித்த தாள் என்றால் இதழ் கறுத்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியில் போட்டிருக்கும் புள்ளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. கைக்காகிதத்துக்கு இரண்டு புள்ளியே எல்லை. நான் வைத்தது மூன்று!

ஹேர் டிரையர் ஆபத்து குறைந்தது. ஒரு சாண் தூரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பெயின்ட் உரிக்கும் ஹாட் ஏர் கன் வேறு ஜாதி. 500 டிகிரிக்கு மேலும் காற்றைத் தள்ளும். அது எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கட்டும். வெயில் இலவசம்தான், ஆனால் சாய மைகளை வெளுத்துவிடும். நிழலும் காற்றும் இருந்தால் போதும்.

சூட்டில் பிடிக்க வைக்கும் முறை

துணி மை, ஃபேப்ரிக் கலர் போன்ற பைண்டர் மைகளுக்கு மட்டும் இது. டப்பாவில் வேறு மாதிரி எழுதியிருந்தால் டப்பா சொல்வதே சட்டம்.

1. அச்சடித்ததும் அடுக்காதீர்கள். கொடியில் கிளிப் போட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். குறைந்தது ஒரு முழு நாள். மழை என்றால் இரண்டு நாள். மின்விசிறி நேராகத் தாளில் அடிக்காமல் அறைக் காற்றை நகர்த்தினால் நல்லது.

2. கழித்த துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள். அதே தாள், அதே மை, அதே தடிமன்.

3. பெட்டியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆவி கூடாது.

4. மேசையில் வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். முதுகுப் பக்கம்தான் சூடு. மேலேயும் ஒரு துணி.

5. இரண்டு புள்ளியில், தேய்க்காமல், வைத்து எடுங்கள். பத்து எண்ணும் வரை அழுத்தி, தூக்கி, ஆவி போக விட்டு, மறுபடி வையுங்கள். இப்படி ஐந்தாறு தடவை. ஒரே மூச்சில் ஒரு நிமிடம் அழுத்துவதைவிட இது பத்திரம்.

6. ஒரு நேரத்தில் ஒரே அட்டை. இதை எனக்காக ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

7. சூடு ஆறும் வரை சமமான இடத்தில், இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மேலே புத்தகம் வையுங்கள். தாள் வளையாது.

துணியைப் போல அட்டையை யாரும் துவைக்கப் போவதில்லை. எனவே துணிக்குச் சொன்ன முழுச் சூடும் நேரமும் அட்டைக்குத் தேவையில்லை. கை பட்டால் அழியாத அளவு பிடித்தால் போதும்.

எண்ணெய் மை என்றால்? இஸ்திரிப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். அதற்கு வேண்டியது காற்றும் நாட்களும். மெல்லிய சூடான அறை உதவும், அழுத்தம் எதிரி. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் மையைத் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது அது தானே சூடாகும். குவியலுக்குள் சூடு தேங்கித் தீப்பிடித்ததுண்டு. விரித்துக் காயப்போடுங்கள். தின்னர் டப்பா திறந்திருக்கும் அறையில் சூடான கருவி எதுவும் வேண்டாம்.

பிடித்ததா என்று அறிய நாலு சோதனை

அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது. ஒரு அட்டையைப் பலி கொடுத்தால் மீதி பிழைக்கும்.

தொடு சோதனை: பள்ளத்தில், மை தடிமனான இடத்தில் விரல் வைக்கவும். ஒட்டாவிட்டால் மேல்தோல் காய்ந்தது என்று மட்டுமே அர்த்தம்.

முறுக்கு சோதனை: கட்டை விரலை அழுத்தி கால்வட்டம் திருப்பவும். மேல்தோல் சுருங்கினால் உள்ளே இன்னும் ஈரம்.

எடை சோதனை: வெள்ளைத் தாளை மேலே வைத்து, கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றவும். காலையில் தாளில் சுவடு இருந்தால் அடுக்கக் கூடாது.

ஈரப்பஞ்சு சோதனை: நனைத்துப் பிழிந்த பஞ்சால் லேசாகப் பத்து முறை தேய்க்கவும். பஞ்சில் நிறம் ஏறினால் பிடிக்கவில்லை.

முதல் சோதனையோடு நிறுத்தியதுதான் எங்கள் தவறு.

பிறகு என்ன ஆயிற்று?

கையில் 180 அட்டைக்கான தாள் மீதி இருந்தது. மை மாற்றவில்லை, புதிதாக வாங்கக் காசில்லை. முறையை மாற்றினோம். விடுதி மாடிப்படி நெடுகக் கயிறு கட்டி, ஆளுக்கொரு வரிசை தொங்கவிட்டோம். மூன்று நாள். மழையில் ஈரக்காற்று வராதபடி ஜன்னலைச் சாத்துவது, வெயில் எட்டிப் பார்த்தால் திறப்பது என்று முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலைச் சாத்தியவன் யார் தெரியுமா? யாருக்காகச் செய்தோமோ அவனேதான். நாலாம் நாள் காலை எடை சோதனைத் தாளைத் தூக்கிப் பார்த்தோம். வெள்ளை. வெறும் வெள்ளை. யாரோ விசிலடித்தார்கள்.

180-ம், முதல் நாள் தப்பிய 30-ம் சேர்ந்து 210 அட்டை விற்று 4,200 ரூபாய். கெட்ட அட்டைகளில் நல்ல பகுதியை வெட்டி, பரிசுப் பொட்டலத்தில் கட்டும் சீட்டாகச் செய்து 300 ரூபாய். மொத்தம் 4,500. முதல் 1,600 போக 2,900. பாக்கி 3,500. குறைந்தது 600 ரூபாய். அதை நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு நூறு போட்டு நிரப்பினோம். அந்த 90 அட்டையும் கெடாமல் இருந்திருந்தால் பணம் மீந்திருக்கும். அது என் அவசரத்தின் விலை. நண்பன் அந்த நூறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். திருப்பித் தருவேன் என்கிறான். வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை!

நண்பர்களே, நாம் டிப்ளமோ படிப்பவர்கள். எதையும் கையால் செய்து பார்க்கிறவர்கள். வெல்டிங்கோ, பெயின்டிங்கோ, கான்கிரீட்டோ, எதிலும் இதே பாடம்தான். தொட்டுப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும் கான்கிரீட்டை மறுநாளே பலகை பிரித்துப் பாரம் ஏற்றுவோமா? அதற்கு நாள் கொடுக்கிறோம் அல்லவா? மைக்கும் அப்படியே நாள் கொடுப்போம்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. அடுத்த பொங்கலுக்கு அட்டை செய்யப் போகும் ஜூனியர் தம்பி தங்கைகளே, கயிறும் கிளிப்பும் விடுதி ஸ்டோரில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் டப்பாவைப் படித்த பிறகு எடுங்கள்.